ஒன்றை நாலாக்குதல்

பழைய ஏடுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்த புதுச் சுவாமி
ஒன்றை என் பக்கம் திருப்பி
விரல் வைத்துக் காட்டினார்:
"பாருங்கோ சந்தியாப்பிள்ளை அண்ணை,
இந்தப் பிள்ளை பிறக்க மூன்று வருசம் முந்தியே
ஞானஸ்நானம் பெற்றிருக்குது."
சிரித்தார். நானும் சிரித்தேன்.
பாசையூரில் அன்று காற்றில்லை.
மின்விசிறிதான் ஏட்டின் ஓரத்தைத்
தூக்கித் தூக்கிப் பார்த்தது.

அந்த மை என்னுடையது.
எழுபத்தொன்றின் ஒன்றை நாலாக்க
இரண்டு கோடு போதும்.
தாளில் மாற்றிக் கொடுத்துவிட்டு
தாளும் ஏடும் ஒத்திருக்க வேணும் என்று
ஏட்டிலும் மாற்றினேன்.
ஞானஸ்நானத் திகதியை மறந்துபோனேன்.
பொய்யிலும் நான் அரைவாசிக் கெட்டிக்காரன்தான்.

தொண்ணூறாம் ஆண்டு.
வயது கேட்டவர்கள் ஆர் என்று சொல்லமாட்டேன்.
அந்த நாட்களில் எல்லாரும் வயதுதான் கேட்டார்கள்.
அக்காவின் மகன்
பத்தொன்பதிலிருந்து பதினாறுக்கு இறங்கி
கேரதீவில் பாதை ஏறிப் போனான்.
இப்போது நோர்வேயில்
அந்தப் பொய் வருசத்துக்குத்தான் கேக் வெட்டுகிறான்.
ஐம்பதாவதுக்குப் படம் அனுப்பியிருந்தான்.
ஏற்றாமல் விட்ட மூன்று மெழுகுதிரி
எனக்கு மட்டும் தெரிந்தது.

சனிக்கிழமை பின்னேரம்
பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டேன்.
எட்டாம் கற்பனை என்று தொடங்க முதலே
"அந்த ஏடுதானே அண்ணை" என்றது
வலைக்கு அப்பாலிருந்து குரல்.
"உயிர் காத்த பொய்.
ஒரு மனஸ்தாபம் சொல்லுங்கோ, காணும்."

அதில்லை, சுவாமி.

அதே வருசம் ஆவணியில் பிலோமினா வந்தாள்.
மகனுக்குத் தாள் வேணும்.
எழுபத்திரண்டு.
ரெண்டை நாலாக்க ஏலாது பிள்ளை என்று
வாய்வரை வந்தது.
லாச்சியில் சவர அலகு கிடந்தது.
ஆகவே கற்பனையைச் சொன்னேன்,
பூசையில் வாசிக்கிற குரலில்.
கோயில் ஏட்டில் நான் பொய் எழுதமாட்டேன் என்றேன்.
அது பொய்.
முன் பக்கத்தில் இரண்டு கோடும் காய்ந்து
அப்போது மூன்று மாதம்.

அவளின் புருசனோடு எனக்கொரு வலைக் காசுத் தகராறு.
முந்நூறு ரூபா.
அந்த நேரம் அதை நான் நினைக்கவேயில்லை என்று
முப்பது வருசத்துக்கு மேலாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எழுபத்திரண்டு என்று எழுதினேன்,
முத்து முத்தாய்.
வெட்டில்லை, திருத்தலில்லை,
கோயில் முத்திரை ஊதா நிறத்தில்.
அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான்
அவன் வரிசையில் நின்றான்.
வாசித்துப் பார்த்தார்கள். நம்பினார்கள்.
கூட்டிக்கொண்டு போனார்கள்.

சுவாமி கனநேரம் பேசவில்லை.
வெளியே ஆரோ சைக்கிளைச் சுவரில் சாத்தினார்கள்.
பிறகு பழக்கத்தில்
"எத்தனை தரம்?" என்றார்.

எத்தனை தரம்.
அவளுக்கு ஒரு தரம்தான் சொன்னேன், சுவாமி.
ஞாயிறு தோறும் வாசலில்
"சுகமோ அண்ணை" என்று அவள் கேட்க
"சுகம்" என்று சொன்னதெல்லாம்
கணக்கில் வருமோ தெரியாது.

ஒவ்வொரு ஆவணியும்
மகனுக்குப் பூசை ஒப்புக்கொடுக்க வருகிறாள்.
என் கொப்பியில் இரண்டு நிரல்:
உயிருள்ளோர், மரித்தோர்.
முதல் தரம் பேனையைத் தூக்கிக்கொண்டு
அவள் முகத்தைப் பார்த்தேன்.
"ரெண்டிலயும் போடாதேங்கோ.
பேரை மட்டும் எழுதுங்கோ."

நிரல்களைப் பிரிக்கிற கோட்டின் மேல்
எமிலியன் என்று எழுதுகிறேன்,
பாதிப் பேர் அங்காலும் பாதி இங்காலுமாய்.
ஐந்நூறு ரூபாவை எண்ணி வைப்பாள்.
பற்றுச்சீட்டு கேட்பாள்.
கொடுத்தால்
திகதி சரியோ என்று பார்த்துவிட்டுத்தான்
போவாள்.