சிலாம்பு

துவாஸ் கப்பல் பட்டறையில்
பூமிநாதனின் கட்டைவிரலில் ஏறியது
மயிரளவு இரும்புச் சிலாம்பு.

யாரிடமும் அவன் சொல்லவில்லை,
சொன்னால் ஒருநாள் கூலி போகும்.
விரல் சொல்லிவிட்டது.

கெமோகைன் என்றொரு பொடிப் புரதம்
காயத்தின் வாசலில் நின்று
இங்கே, இங்கே என்றது.
நெருங்க நெருங்க
அதன் குரல் அடர்ந்தது.

குருதியில் உருண்டுபோன வெள்ளணுக்கள்
குழாய்ச் சுவரைப் பற்றி நின்று,
இடுக்கில் உடம்பை நெளித்து
வெளியே குதித்தன.
திரும்பும் வழியை எதுவும் கேட்கவில்லை.

விடுதியின் மேல்கட்டிலில்
விரல் விண்விண்ணென்று தெறிக்க
இரண்டு ராத்திரி விழித்திருந்தான்.

மூன்றாம் நாள்
சிலாம்போடு பிதுங்கியது
மஞ்சளாய் ஒரு துளி.
வந்தவர்கள்.

டிஷ்யூவில் துடைத்துக் கசக்கினான்.
கீழே
ஐந்தரை மணி லாரி
ஹாரன் அடித்தது.