கருமணி

டர்பன் துறைமுகம், இரண்டாம் சரக்குக் கொட்டகை.
என் மேசையில் ஒரு இடுக்கி, ஒரு சாராய விளக்கு,
மூடி தொலைந்த ஜாம் சீசாவில் தண்ணீர்.
பதினாறு வருடமாகத் துணிகளிடம்
ஒரே கேள்விதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்:
நீ யார்?

பட்டையில் அச்சடித்திருப்பதை நம்புவதில்லை.
அது வியாபாரியின் வாய்.
ஓரத்தில் ஓர் இழையை உருவி
நெருப்பிடம் கொடுத்துவிடுவேன்.

பருத்திக்கு மறைக்கத் தெரியாது.
சட்டென்று பற்றும்,
பழைய நோட்டுப்புத்தகம் எரிகிற வாசம்,
சாம்பலை ஊதினால் போய்விடும்.
கரூவின் கம்பளி தயங்கும். முடி பொசுங்கும் நாற்றம்.
சுடரை விலக்கினால் தானே அணைந்துகொள்ளும்,
அதட்டினால் நின்றுவிடும் ஆடு மாதிரி.
விஸ்கோஸ்தான் கொஞ்சம் குழப்பும்.
அதுவும் காகிதமாகவே மணக்கும்; மரம்தானே.
உம்கோமாஸ் ஆலையில் கூழான யூகலிப்டஸ்
இதே துறைமுகம் வழியாகத்தான் போயிருக்கும்.
ரவிக்கைத் துணியாகத் திரும்பி வந்து
ஊரைத் தெரியாததுபோல் நிற்கும்.

பாலியெஸ்டர் அழும்.
கறுப்புப் புகை, இனிப்பாய் ஒரு நெடி,
சொட்டுச் சொட்டாய் உருகி
கடைசியில்
நகத்தால் நசுக்க முடியாத ஒரு கருமணி.
"பொய்" என்பாள் நொம்புசோ, படிவத்திலிருந்து தலை நிமிராமல்.
கிரே தெரு நாயுடுவின் நாற்பது பேல் 'சுத்தப் பருத்தி'
போன ஆகஸ்டில் அப்படித்தான் மாட்டியது.
மணிகளை ஒரு தீப்பெட்டியில் சேர்த்து வைக்கிறேன்.
குலுக்கினால் தகரத்தில் தூறல் விழுகிற சத்தம்.

வியாழக்கிழமை சிந்தாமணி அக்கா இறந்துபோனாள்.
சாட்ஸ்வொர்த்தில் எங்கள் சுவருக்கு அடுத்த சுவர்.
ஜேக்கப்ஸ் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம்
பள்ளிச் சட்டைகளுக்குக் கை வைத்துத் தைத்தவள்.
பாலியெஸ்டர் அறுபத்தைந்து, பருத்தி முப்பத்தைந்து;
"கசங்காது, அழவும் அழாது" என்பாள்.
தும்மினால் கைக்குட்டையில் நீலப் பஞ்சு.

மகன் குமேஷன் பொட்டலத்தைப் பிரித்தான்.
"அசல் பட்டு, ஆன்ட்டி. மூணு மாச ஓவர்டைம்.
செயற்கை நூல் கூடாதுன்னு தகனக்காரர் சொல்லிட்டார்,
உருகி ஒட்டிக்குமாம்.
நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

மயில் கழுத்து நிறம்.
நெருப்புக்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிட்டது.
ஆனாலும் முந்தானையில் ஓர் இழை உருவி
சமையலறைக்குப் போனேன். ஒரே ஒரு தீக்குச்சி.
பட்டு என்றால் முடியாக நாற வேண்டும்.
இனித்தது.

வாசலில் வண்டி வந்து நின்றது.
குமேஷன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.
சூடு ஆறாத மணியை உள்ளங்கையில் மூடிக்கொண்டு
"பட்டுதான்" என்றேன்.
"ஆனா பட்டைத் தீயில போடக்கூடாது, தெரியுமா?
மேலே போர்த்தி, வாசல்வரைக்கும் போகட்டும்.
அப்புறம் நீ எடுத்து வச்சுக்க."
அப்படியொரு வழக்கம் எங்கும் கிடையாது.
என் கட்டில் விரிப்பைக் கொண்டுவந்து
உடம்பைச் சுற்றினேன்.
வெள்ளைப் பருத்தி உள்ளே, மற்றது வெளியே.
அவள் தைத்த கலவைதான்.

திங்கட்கிழமை அந்த மணியைத்
தீப்பெட்டியில் போடவில்லை.
கைப்பையின் அடியில், டாக்சிக் காசோடு கிடக்கிறது.
மதியம் நொம்புசோ ஐந்து ராண்ட் சில்லறை கேட்டாள்.
வழக்கமாகப் பையையே நீட்டிவிடுவேன்.
இன்று
நானே எண்ணிக் கொடுத்தேன்.