கேட்டால் பொத்தானை அழுத்தவும்

வெள்ளிக்கிழமை மாலைக்குள்
இருநூற்றுப் பதினேழு பாட்டுகள் வந்து கிடக்கின்றன.
ஒவ்வொன்றோடும் ஒரு கடிதம்:
இதைப் போடுங்கள், தளம் தீப்பிடிக்கும்.
எத்தனை தளம், எத்தனை தீ.
நான் இன்னும் மத்தியானச் சாப்பாடே சாப்பிடவில்லை.

வுப்பர்டாலில் ரயில் தொங்கிக்கொண்டு ஓடும்.
தண்டவாளம் மேலே, நாங்கள் கீழே,
எங்களுக்கும் கீழே ஆறு.
ஃபோவிங்கெலில் ஏறினால் என் வீடு பதினாறாவது நிலையம்.
பதினைந்து இடைவெளி.
இடைவெளிக்கு ஒரு பாட்டு.
கதவு மூடும்போது தொடங்குவேன்,
திறக்கும்போது விரல் தானாகவே தள்ளிவிடும்.
அநியாயம்தான்.
ஆறு மாதம் ஒருவன் அறைக்குள் அடைந்து செய்ததை
மிருகக்காட்சிசாலைக்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் நடுவில்
கொன்றுபோடுகிறேன்.

ஒரு சோறு பதம் என்பார்கள்.
பானைக்குச் சரி.
எழுபதாவது விநாடியில் வேகத் தொடங்கும் அரிசியும்
இருக்கிறது, என்ன செய்ய.

என்னோடு மேசை பகிரும் தோர்பென்
பட்டியல் பார்த்து எடுப்பான்,
எத்தனை பேர் கேட்டார்கள், எந்த ஊரில், எத்தனை முறை.
அவன் தளம் ஒருநாளும் காலியானதில்லை.
அதையும் சொல்லத்தானே வேண்டும்.

பகலில் நான் கேட்புக் கருவி பொருத்துகிறவள்.
கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து
காதுக்குச் சின்னச் சின்னதாய் ஒலி அனுப்புவேன்.
கேட்டால் பொத்தானை அழுத்துங்கள்.
கேட்காதபோதும் அழுத்துகிறவர்கள் உண்டு,
தோற்றுவிடக் கூடாதே என்று.
இரவிலும் அப்படித்தான்:
பிடிக்காத பாட்டுக்கும் கை உயரும்,
பக்கத்துக் கை உயர்ந்தால்.

மார்ச்சில் ஒரு கோப்பு வந்தது.
ஆள் பெயர் இல்லை, கடிதம் இல்லை, தீ இல்லை.
"கடைசி 7 உண்மையிலேயே கடைசி" என்று மட்டும்.
லோஹர் பாலத்தில் கதவு மூடியது.
நாற்பது விநாடிக்கு ஒன்றுமே இல்லை,
எங்கேயோ ஒரு சலவை இயந்திரம் சுழல்வதைத் தவிர.
பிறகு சுழற்சி நொண்டத் தொடங்கியது,
நனைந்த போர்வை ஒரே பக்கமாய் ஒதுங்கினால்
இயந்திரம் நொண்டுமே, அப்படி.
அந்த நொண்டலுக்குக் கீழே
பேஸ் மெல்ல வந்து தோள் கொடுத்தது.

நிமிர்ந்து பார்த்தேன்.
என் இடம் தாண்டி மூன்று நிலையம் போயிருந்தது.
மழை வேறு.
திரும்பும் ரயிலுக்கு ஏழு நிமிடம் நின்றேன்.
அவ்வளவுதான் என் விமர்சனம்.

சனி இரவு, பழைய நாடா ஆலையின் நிலவறை.
இரண்டு நாற்பதுக்குப் போட்டேன்.
பாதிப்பேர் சிகரெட் பிடிக்கப் போனார்கள்.
மிச்சப்பேர் நின்றார்கள்,
பேருந்து இனி வராதோ என்று பார்க்கிறவர்கள்போல.
தோர்பென் என் காதுக்குள்,
உனக்கு விசர் என்பதை ஜெர்மனில் சொன்னான்.
என் கை அடுத்த பாட்டின் மேல் இருந்தது.
உண்மையைச் சொன்னால், அழுத்தியேவிட்டிருப்பேன்.

நொண்டல் வந்தது.

கோட்டுகள் வாங்கி வைக்கும் மெரால்
இருந்த இடத்தை விட்டு வாசல்வரை வந்திருந்தாள்,
கையில் எவருடையதோ ஒரு சாம்பல் நிறக் கோட்டுடன்.
அவள் ஆடவில்லை. தலைகூட அசைக்கவில்லை.
கோட்டின் மேல் பொத்தானைக்
கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தாள்,
முதலில் சற்றுத் தாமதமாக,
பிறகு சரியாக,
பிறகு அடிக்கு ஒரு மயிரிழை முன்னால்.

விளக்குப் போட்டபின் வந்து பெயர் கேட்டாள்.
தெரியாது என்றேன்.
நல்லது என்று சொல்லிவிட்டு
மாடிக்குப் போய்விட்டாள்.

அனுப்பியவருக்கு எழுதியிருக்கிறேன். மூன்று வாரம்.
பதில் இல்லை.

தளம் தீப்பிடிக்கவில்லை, மன்னிக்கவும்.
எவருடையதோ ஒரு கோட்டில்
ஒரு பொத்தான்
தளர்ந்திருக்கலாம்.