ஐந்தாவது ஆள்

நாகோயாவிலிருந்து கூப்பிட்டவர் பெயர் குராமோச்சி.
பல் மருத்துவராம்.
எங்கள் இசைத்தட்டுக்குத் தொள்ளாயிரம் டாலர் கொடுத்தாராம்.
சிரித்துவிட்டேன்.
அன்று பகல் முழுக்க வாசித்ததற்கு எனக்குக் கிடைத்தது
பதினெட்டு டாலரும் ஒரு ஹாம் சாண்ட்விச்சும்.

அட்டையில் என் பெயரும் தப்பு.
எமெட் ட்ராஸ்க் என்பதை எமெட் ட்ரங்க் என்று அடித்துவிட்டார்கள்.
போகட்டும்,
பாஸ் வாசிக்கிறவன் பெட்டி தூக்கியே கிழவனானவன்தானே.

முந்நூறு அடித்தோம், நாற்பது விற்றது.
மிச்சத்தை அர்டெல்லாவின் அண்ணன்
ஆடுகிற துணி துவைக்கும் இயந்திரத்துக்கு
முட்டுக் கொடுத்து வைத்தான்.
அடுத்த வசந்தத்தில் மௌமி ஆறு
நிலவறைக்குள் இறங்கி வந்து
எல்லாவற்றையும் ஒருமுறை கேட்டுவிட்டுப் போயிற்று.

குராமோச்சி தயங்கித் தயங்கிக் கேட்டார்:
இரண்டாம் பக்கம், மூன்றாம் உருப்படி, நான்காம் நிமிடம்,
அங்கே ஊதுவது யார்?
அட்டையில் நான்கு பேர்தானே?

டொலிடோ. அறுபத்தெட்டு, பிப்ரவரி.
டயர் கடைக்கு மேலே ஓர் அறை,
ஜன்னல்களில் கம்பளி அறைந்திருந்தோம்.
நாடா ஒரே ஒரு சுருள்தான் மிச்சம்.
அர்டெல்லா பூன் தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவள்,
எந்தச் சுரம் எந்தத் தெருவுக்கு என்று
பார்க்காமலே விரலுக்குத் தெரியும்.
அவள் தனியாக வாசித்துக்கொண்டிருந்த நேரம்
மூன்று மணி ஆனது.

கண்ணாடி ஆலைச் சங்கு.

கிளியோஃபஸ் சாக்ஸபோனை மடியில் இறக்கினான்.
ஹோஷேயா குச்சியைக் காதில் செருகிக்கொண்டு
ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், அதுவும் தட்டில் இருக்கிறது.
நான் மட்டும் கை ஓயாமல் இழுத்துக்கொண்டிருந்தேன்,
தைரியத்தால் அல்ல, நிறுத்தத் தோன்றவில்லை.

அவளும் நிறுத்தவில்லை.
அந்தச் சங்கு எந்தக் கட்டையிலும் சேராது,
கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே
ஏதோ ஒரு விரிசலில் கத்தும்.
அவள் இரண்டு பக்கத்துக் கட்டைகளையும் ஒன்றாக அமுக்கி
அது உட்கார இடம் விட்டாள்.
கீழே இடது கை மெல்ல வேறு சுருதிக்கு நகர்ந்தது.
நாற்பது வினாடி.
தப்பாக வந்தது சங்கு அல்ல,
அதற்கு முன்னால் வாசித்ததெல்லாம்தான் தப்பு
என்று ஆகிவிட்டது.

அதன்பின் எந்த மேடையிலும்
அந்த இடம் வந்தால் கையைத் தூக்கிக் காத்திருப்பாள்.
மறந்துவிட்டாள் என்று நினைப்பார்கள்.
டெட்ராய்ட்டில் ஒருவன் முடிந்ததென்று கைதட்டினான்.
அவள் அவன் முடிக்கும்வரை பார்த்திருந்து
தொடர்ந்தாள்.

அவள் போய் முப்பத்தொரு வருஷம்.
ஆலை அவளுக்கு முன்பே போய்விட்டது.
மூன்று மணிக்கு இந்த ஊரில்
இப்போது ஒன்றும் ஊதுவதில்லை.

முதல் ஷிப்ட் என்றேன் குராமோச்சியிடம்.
வீட்டுக்குப் போகிறவர்கள், அறுநூறு பேர் இருப்பார்கள்.

பேனா ஓடும் சத்தம் கேட்டது.
பிறகு மிகுந்த மரியாதையோடு
எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார்.