சாட்சித் திட்டு

பாலாற்றில் படகு விட்டவர் யாரென்று
என்னைக் கேட்காதீர்கள்.
இந்தக் கால்வாய்க்குப் பயணி ஒருவர்தான்.
அவரும் ஆண்டுக்குப் பதினெட்டு நாள் வருவார்,
வந்தால்.
அவர் தடுக்கி விழாமல் போக
அணைக்கட்டின் தென்மதகிலிருந்து
புலியந்தாங்கல் ஏரி வரை
ஆறு கிலோமீட்டர் நானூறு மீட்டர்
தூர் எடுத்து வைக்க எனக்குச் சம்பளம்.

ஆயிரம் மீட்டர் நடந்தால்
ஒரு சாண் இறங்க வேண்டும் தரை.
ஒரு சாண்தான்.
கூட வெட்டினால் அங்கேயே படுத்துக்கொள்வார்,
குறைத்து வெட்டினால் திரும்பிப் போய்விடுவார்.
அவ்வளவு ரோஷம் தண்ணீருக்கு.

ஹிட்டாச்சியில் மேல்விஷாரம் இர்ஃபான்.
வாளி ஏறி இறங்க, கரையில்
வெட்டுமுகம் தெரிந்தது:
மேலே சாம்பல் வண்டல், போன மழை கொடுத்தது.
அதன் கீழ் நீலப் பாலித்தீன், ஒற்றைச் செருப்பு.
அதற்கும் கீழே நான்கு விரல் கனத்துக்கு
ஏதோ ஒரு தோல் ஷாப்பின் பச்சை.

வண்டலுக்கு டிராக்டர்கள் வரிசையில் நின்றன.
செங்கல் சூளைக்காரர் கூட ஆள் அனுப்பினார்.
பச்சைக்கு ஒருவரும் வரவில்லை.
எங்கே கொட்டுவது என்று மூன்று கடிதம் எழுதினேன்.
மூன்றாவதற்குப் பதில் வந்தது:
'தகுந்த இடத்தில்.'

பச்சைக்கும் கீழே மணல்.
ஒப்பந்தக்காரர் குணசீலன் அதை
ஒருமுறைதான் பார்த்தார்.
பார்த்த பார்வையிலேயே அது லோடாகிவிட்டது.
வாளியின் பல் மணலைத் தொட்டால்
சத்தம் மாறும்; இர்ஃபான் நிறுத்திவிடுவார்.
'இன்னும் ஒரு வாளி போடுப்பா.'
'மேடம் சொல்லட்டும்ணா.'
மேடம் சொல்லவில்லை.

ஐம்பது மீட்டருக்கு ஒன்றாக
வெட்டாமல் விட்ட மண் திட்டுகள்,
நூற்று இருபத்தெட்டு.
பழைய தரை இந்த உயரத்தில் இருந்தது என்று
தலையில் புல்லோடு நிற்கும் சாட்சிகள்.
உச்சிக்கும் காலடிக்கும் உள்ள வித்தியாசம்தான்
எம் புக்கில் ஏறிப் பணமாகிறது.

திங்கட்கிழமை அளவு.
சம்பங்கி கோலைப் பிடித்தார்.
தொண்ணூறு சென்டிமீட்டர் வர வேண்டிய இடத்தில்
நூற்றுப் பதினாறு.
லெவலைச் சந்தேகப்பட்டேன். பிறகு
என் மூக்குக்கண்ணாடியை.
சம்பங்கி கோலைத் தோளில் சாய்த்துக் குனிந்தார்.

'இன்னா மேடம், ராவோட ராவா வளந்துகீது.'
'எப்படிச் சொல்றீங்க?'
'இந்தக் காவால மொளைக்கறது கோரை.
இது அருகு. யாரு வரப்புலயோ பேத்தாந்து
தொப்பி போட்டுகீறாங்க.'

எட்டி உதைக்கவில்லை.
குதிகாலால் சும்மா ஒரு தேய்ப்பு.
தொப்பி கழன்றது.
அடியில் பழைய கோரை
மஞ்சளாகி, நசுங்கி, உயிரோடு.

அன்று எழுபத்தொரு தொப்பி கழற்றினோம்.
குணசீலன் கரையில் போனைக் காதில் வைத்து
யாருக்கோ 'ஆமாங்க, ஆமாங்க' என்றார்.
எங்கள் பக்கம் திரும்பவில்லை.
நானும் கூப்பிடவில்லை.
தொண்ணூறு. தொண்ணூற்றிரண்டு. எண்பத்தெட்டு.
மதியச் சோறு ஜீப்பிலேயே புளித்தது.

அளந்து முடிந்தால் சாட்சிகளையும் வெட்டிவிட வேண்டும்,
அது விதி.
கல்வெர்ட்டு அருகே கடைசித் திட்டு மிச்சமிருக்க
வாடகைப் பாக்கி என்று
வண்டியை லாரியில் ஏற்றிப் போய்விட்டார்கள்.

ஐப்பசி பாதியில் மதகு திறந்தது.
முன்னால் நுரை, நுரைக்கு முன்னால் சருகு,
சருகுக்கு முன்னால் ஓடிய ஒரு நாய்.
நடக்கிற வேகத்தில்தான் வந்தார் பயணி,
டீ நிறத்தில்.
ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்து
ஜீப்பின் முன்னால் வைத்தேன்.
சாயங்காலத்துக்குள் அடியில்
அரை விரல் மண்.

அவர் அந்தக் கடைசித் திட்டை
இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போனார்,
அதன் முதுகுப் பக்கம்
ஒரு சிறங்கை வண்டலை
இறக்கி வைத்துவிட்டு.