உதடு மிச்சமிருக்கிறதா

அவ்னே கோஸ்கெலாவின் முதல் கைப்பிரதியில்
நாற்பத்தொரு இடங்களில் யாராவது உதட்டைக் கடித்தார்கள்.
பதிப்பாசிரியர் ஓரத்தில் பச்சை மையால் கேட்டிருந்தார்:
"இந்த ஊரில் யாருக்காவது உதடு மிச்சமிருக்கிறதா?"

அந்த வாரம்தான் என் புத்தகத்தைக் கொடுத்தேன்.
மெய்ப்பாட்டு அகராதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.
பொறாமைக்கு மூன்று பக்கம்,
வெட்கத்துக்கு இரண்டரை,
துக்கத்துக்கு ஐந்து.
உள்ளே ஒளித்ததை உடம்பு எங்கெங்கே உளறும்
என்பதெல்லாம் அகர வரிசையில்.

தண்டர் பே நகரில்,
ஏரிக்கரைத் தானியக் கிடங்குகளுக்குப் பின்னால்
காசு போட்டுத் துவைக்கும் சலவைக்கடை.
பதினாறு எந்திரம். பன்னிரண்டுதான் ஓடும்.
இரவுப் பொறுப்பு அவளுக்கு.
துணிகள் சுழலும் சத்தத்தில் நாவல் எழுதுவாள்.

புத்தகம் போன பிறகு
பாத்திரங்களைக் கொள்ளைநோய் பிடித்தது.
துப்பறிகிறவருக்கு உள்ளங்கை வேர்த்தது.
விதவைக்கு அடிவயிற்றில் முடிச்சு.
மீன்காரனுக்கு மூக்கு விடைத்தது.
நாய்கூடப் பெருமூச்சு விட்டது.
"இவர்களை முதலில் டாக்டரிடம் காட்டு" என்றேன்.
சிரித்தாள்.
எப்படிச் சிரித்தாள் என்று கேட்காதீர்கள்,
புத்தகம் அவளிடம் இருந்தது.

பிப்ரவரியில் ஓர் இரவு வில்யோ வந்தார்.
மனைவி போய்ப் பன்னிரண்டு நாள்.
பையில் அவளுடைய கம்பளிச் சட்டைகள், நீலத் தலைத்துணி.
தேவாலயத்துக்குக் கொடுக்கும் முன்
ஒரு முறை துவைக்க வேண்டுமாம்.
ஏழாம் எந்திரம்
அவருடைய இருபத்தைந்து சென்ட்டை விழுங்கிவிட்டு
ஒன்றும் தெரியாததுபோல நின்றது.

கத்தினார் மனிதர்.
திருட்டுக் கடை என்றார்.
நகரசபைக்கு எழுதுவேன் என்றார்.
வெளியே மைனஸ் முப்பது.
நாற்பது நிமிடம், அந்த ஒற்றைக் காசுக்கு.

அவ்னே கல்லாவைத் திறந்து ஒன்றை எடுத்து நீட்டினாள்.
"இது வேறு காசு," என்றார்.
"என் காசு உள்ளே இருக்கிறது."

ஸ்க்ரூடிரைவர் தேடிக் கொண்டுவந்தாள்.
இருவரும் மண்டியிட்டுப் பெட்டியைக் கழற்றிக்
கொட்டினார்கள் தரையில்.
எல்லாம் ஒரே மாதிரிக் காசுகள்.
அவர் ஒன்றை எடுத்து விளக்கில் பிடித்தார்.
"இதுதான்."
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
துணியைத் துவைக்காமலே போனார்.

விடியுமுன் புத்தகத்தைப் புரட்டினாள்.
துக்கத்தில் இல்லை.
கோபத்திலும் இல்லை.
ஆற்றாமை என்ற தலைப்பில் ஏதோ கிட்டத்தில் வந்து
தோள்கள் தொய்வதோடு நின்றுவிட்டது.

நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினாள்,
பேரை மட்டும் மாற்றி.
பச்சை மை திரும்பி வந்தது:
"இவருக்கு ஏன் இவ்வளவு கோபம்? தெளிவில்லை.
ஒரு சொட்டுக் கண்ணீராவது?"

மூன்று நாள் பதில் எழுதவில்லை.
பிறகு அந்த இடத்தில் அவரை
உதட்டைக் கடிக்க விட்டாள்,
ஒரே ஒரு தடவை.
நாவல் செப்டம்பரில் வருகிறது.

என் புத்தகமும் வந்து சேர்ந்தது.
அந்த ஐந்து பக்கங்களுக்கு நடுவே
உலர்த்தும் எந்திரத்துப் பஞ்சு கொஞ்சம், நீலமாக.
அடையாளத்துக்கு வைத்தாளா,
தானாய் ஒட்டிக்கொண்டதா,
கேட்கவில்லை.