டக்

அஞ்சு ரோட்டில் இல்யாஸ் கடை.
கண்ணாடி மேசைமேல் இரண்டு ஜோடி பெடல்.
ஒன்று தட்டை: உள்ளங்கை அகலம்,
முகமெல்லாம் குட்டிக் குட்டி ஆணி.
மற்றது புளியங்கொட்டை கணக்காகச் சிறுசு,
வாய் மட்டும் எலிப்பொறி.

"பூட்டுற பெடல்னா ஏத்தத்துல ரெண்டு காலும் எஞ்சின்.
தட்டைன்னா எறக்கத்துல உசுரு."
சொல்லிவிட்டு
யாருடைய செயினுக்கோ எண்ணெய் விடப் போய்விட்டான்.

சேகோ மில்லில் கணக்கெழுதுகிறவள் நான்.
வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்றால் புரியும்.
இது புரியவில்லை.
பூட்டுவதையே வாங்கினேன்.
விலை கூடினால் அதில் ஏதோ இருக்கும் என்று
நம்புகிற ஆள்.

முதல் விழுகை அஸ்தம்பட்டி சிக்னலில்.
வேகம் பூஜ்யம்.
பிரேக் பிடித்தாகிவிட்டது, கால் மட்டும் வரவில்லை.
மேலே இழுத்தால் வராது,
குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும் என்பது
சாய ஆரம்பித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.
சுவரில் சாத்திய ஏணி நழுவுவது மாதிரி
அவசரமே இல்லாமல்
இடதுபக்கம்.
இளநீர்க்காரர் அரிவாளோடு ஓடிவந்தார்.
"வண்டி நிக்கும்போது ஏம்மா விழுந்த?"

ஆனால் ஏற்றம்!
அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி.
மிதிக்கிற காலும் வேலை செய்யும்,
எழுகிற காலும் வேலை செய்யும்.
பதினாலாம் வளைவில்
கைப்பிடிச் சுவர் நெடுகக் குரங்குகள் பார்த்திருக்க
ஞானசுந்தரியை முந்தினேன்.

அவள் தட்டைக்காரி.
கால் நழுவினால் ஆணி கடிக்கும்.
முழங்காலுக்குக் கீழே இரண்டு வரிசைப் புள்ளி,
கோடு இழுக்காமல் விட்ட கோலம்.
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வீடு.
"எங்க வீட்டுல காலுக்கு வெள்ளி,
எனக்கு இரும்பு" என்பாள்.

ஏரி தாண்டி, பஜ்ஜிக் கடைகள் தாண்டி
நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்து மண்பாதை.
இரவு மழை.
ஷூவின் அடிக் கவ்வியில் செம்மண் அப்பி
பூட்டு பூட்டவே மாட்டேன் என்றது.
மிலாறு ஒன்றை ஒடித்து
பல் குத்துவது மாதிரி குத்தி எடுத்தேன்.
பூட்டிக்கொண்டது.

இறக்கம்.
சில்வர் ஓக் வேர்கள். மிளகுக்கொடி முகத்தில்.
ஒரு திருப்பம்.

காட்டெருமை.
முழங்கால்வரை வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு
பாதையின் குறுக்கே.
பத்தடி. பதினைந்தும் இருக்கலாம்.

பின்னால் ஞானசுந்தரி
எப்போது காலூன்றினாள் என்று கேட்கவே இல்லை.
நான் சாய்ந்துகொண்டிருக்கிறேன்.
குதிகாலை வெளியே திருப்பினேன்.

டக்.

மலை முழுக்க அது ஒன்றுதான் சத்தம்.
முதலில் காதுகள் திரும்பின.
பிறகு தலை.

ஒரு கால் மண்ணில்.
இன்னொரு கால் இன்னும் வண்டிக்குச் சொந்தம்.
அதை மீட்க இன்னொரு டக் வேண்டும்.
செய்யவில்லை.
தொடை நடுங்கியது.
ஈரப்புல்லும் சாணமுமாக அதன் மூச்சு வந்து வந்து போனது.
எவ்வளவு நேரம் என்று
கணக்கெழுதுகிறவளுக்கே தெரியவில்லை.

அது ஒரு கொப்பை முறித்து மென்றது,
என்னைக் கழித்துவிட்டுச்
சரிவில் இறங்கியது.

திங்கட்கிழமை இல்யாஸிடம் தட்டை கேட்டேன்.
"எறக்கம் பயமா?"
"சத்தம்" என்றேன்.
அவன் ஸ்பேனரைத் தேடினான்.

இப்போது பதினாலாம் வளைவில்
ஞானசுந்தரி முந்துகிறாள்.
அதே குரங்குகள்.
என் காலிலும் மூன்று புள்ளி வந்துவிட்டது.

பழைய ஜோடியை விற்கவில்லை.
மில்லில், டிராயருக்குள், பேரேட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.
ஆடிட் சமயம், கூட்டல் நாற்பது பைசா இடிக்கிற சாயங்காலங்களில்
கழற்றிய கவ்வியை அதன் வாயில் வைத்து
உள்ளங்கையால் அழுத்துவேன்.

டக்.

எதிர் மேசையில் பூங்காவனம் சார்
முதலில் காதைத் திருப்புவார்,
பிறகு தலையை.